சங்கக் கூட்டத்துக்கு எந்த முறை?

"எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று தலைவர் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டீயும் சமோசாவும் வந்து சேர்ந்தன. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று செயலாளர் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்தச் செயலாளர் நான்தான். வீட்டுக்கு 20,000 ரூபாய் போட்டு லிஃப்டை மாற்றுவது என்பது தீர்மானம். மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்டுக் கதவைத் தட்டினால், 64 வீடுகளில் 23 வீட்டில் ஒரே பதில்: "நான் எப்போ சார் சரின்னு சொன்னேன்?"

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. சமோசாவைத்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் நடத்தும் முறைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அடுக்குமாடிச் சங்கமோ, ஓய்வூதியர் சங்கமோ, பழைய மாணவர் மன்றமோ, எதை நடத்துகிறவர்களுக்கும் முன்னால் மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பெயர் பெற்றது 'ராபர்ட்ஸ் ரூல்ஸ்'. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863-இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டு ஊரில், தேவாலயக் கூட்டம் ஒன்றுக்குத் திடீரென்று அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போய்விட்டது. அந்த அவமானத்தில் படிக்கத் தொடங்கியவர், 1876-இல் சட்டைப்பையில் அடங்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பு 700 பக்கத்தைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு அதைச் சட்டைப்பையில் போட முடியாது.

பக்கம் பெருத்தாலும் உள்ளே இருக்கும் சாரம் கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். முதலில் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. நாமோ முக்கால் மணி நேரம் பேசிவிட்டு 'சரி, என்ன தீர்மானம் போடலாம்?' என்று கேட்கிறவர்கள். ராபர்ட் கணக்கில் ஒருவர் ஒரு தீர்மானத்தின் மேல் ஒரு நாளில் இரண்டு முறைதான் பேசலாம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். 'போதும், ஓட்டுக்கு விடுங்கள்' என்று பின்வரிசையிலிருந்து கத்தினால் விவாதம் முடிந்துவிடாது. அதை முறையாக முன்மொழிந்து, ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொள்ள வேண்டும். சிறுபான்மையின் வாயை வெறும் பாதிப்பேர் சேர்ந்து அடைத்துவிடக் கூடாது என்பது காரணம்.

அந்தப் புத்தகத்தில் என்னை மயக்கிய இடம் திருத்தங்கள். எங்கள் பெயின்ட் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெளிச்சுவர் முழுவதற்கும் ஒன்பது லட்சத்தில் பெயின்ட் அடிப்பது' என்பது மூலத் தீர்மானம். மூன்றாம் மாடிக்காரர் எழுந்து, "ரோட்டுப் பக்கம் மட்டும் போதும், நாலு லட்சத்தில் முடிக்கலாம்" என்றார். இது திருத்தம். பி பிளாக் மாமி விடவில்லை: "கிழக்குப் பக்கச் சுவர்லதானே மழைத்தண்ணி ஊறுது? அதையும் சேருங்கோ, அஞ்சரை லட்சம்." இது திருத்தத்துக்குத் திருத்தம். உடனே ஒரு தம்பி, "மெரூன் கலர் மட்டும் வேண்டாம் அங்கிள்" என்றான்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் கூட்டம் சந்தைக்கடையாகிவிடும். ராபர்ட் வழியில் தம்பியை உட்காரச் சொல்லலாம். மூலத் தீர்மானம், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்ற மூன்று அடுக்குக்கு மேல் ஏற்ற அனுமதி கிடையாது. ஓட்டெடுப்பு மேலிருந்து கீழே இறங்கும். முதலில் மாமி சொன்னது: கிழக்குச் சுவரைத் திருத்தத்தில் சேர்ப்பதா? சேர்ந்தது. அடுத்து அப்படித் திருந்திய திருத்தம்: முழுச் சுவருக்குப் பதில் இந்த இரண்டு பக்கம் மட்டுமா? அதுவும் நிறைவேறியது. திருத்தம் தீர்ந்ததும் தம்பிக்கு இடம் கிடைத்தது. அவன் கலரைப் பற்றிச் சொன்னதற்கு வழிமொழிய ஆளில்லை. கடைசியில் திருந்திய மூலத் தீர்மானம்: ஐந்தரை லட்சத்தில் அடிப்பதா, வேண்டாமா? பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. சுவர் இப்போது மெரூன்தான், அது வேறு விஷயம்.

இவ்வளவு நன்றாக இருந்தால் முழுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வேண்டாம். விதி தெரிந்த ஒருவர் தெரியாத ஐம்பது பேரை மடக்கிப் போடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்' எழுப்பி, அதன் பேரில் சொற்பொழிவே ஆற்றுவார்கள். விதி மீறப்பட்டது என்று ஒரு வரியில் சுட்டிக்காட்டத்தான் அது, கருத்துச் சொல்ல அல்ல. தலைவர் அதைச் சொல்லி உட்காரவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, நமக்கு ஏற்கெனவே பழகிய முறை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து நம் சட்டமன்றத்துக்கும், அங்கிருந்து தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம் என்று ஊரெல்லாமும் பரவிய முறை. முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன் என்பதெல்லாம் நம் காதுக்குப் புதிதல்ல. ராபர்ட் முறைக்கும் இதற்கும் மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது.

ஓட்டு சமமாக வந்தால் என்ன? நம் அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி அவைத் தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. சமமானால் மட்டும் தீர்ப்பு வாக்கு போடுவார். ராபர்ட் முறையில் சமம் என்றால் பெரும்பான்மை இல்லை, ஆகவே தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான். நம் சங்கங்கள் பலவற்றில் தலைவர் உறுப்பினராக ஒரு ஓட்டுப் போட்டுவிட்டு, சமமானதும் இன்னொன்றும் போடுகிறார். ஒரு ஆளுக்கு இரண்டு ஓட்டு என்று பின்னால் சண்டை வரும். பைலாவில் என்ன இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாவிட்டால் என்ன? மக்களவைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். நம் சங்கங்களில் அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்தவர்களை வைத்தே நடத்தலாம் என்று பைலாவில் எழுதிக்கொள்வது வழக்கம். கம்பெனிச் சட்டத்தில் ஒரு வாரம் ஒத்திவைக்க வேண்டும். ராபர்ட் இந்தச் சலுகையே தருவதில்லை. ஒத்திவைத்த கூட்டத்துக்கும் அதே கோரம் வேண்டும். நம்மூரில் அதைக் கடைப்பிடித்தால் ஒரு கூட்டமும் நடக்காது.

மூன்றாவது, 'டேபிள்' என்ற சொல். லண்டனிலும் சென்னையிலும் ஒன்றை மேசையில் வைப்பது என்றால் அவை முன் வைப்பது. அமெரிக்காவிலோ அப்போதைக்கு ஒதுக்கி வைப்பது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் மல்லுக்கு நின்றதை சர்ச்சில் எழுதியிருக்கிறார். எங்கள் சங்கத்திலும் கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பிய ஒருவர் 'டேபிள் பண்ணிடலாம்' என்றார். தலைவர் உடனே படிக்கத் தொடங்கிவிட்டார். 'தள்ளி வைக்கலாம்' என்று சொன்னால் இந்த வம்பே இல்லை.

ஓட்டே வேண்டாம், பேசி ஒத்துப்போவோம் என்பது இன்னொரு வழி. குவேக்கர் கிறிஸ்தவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். எழுத்தர் ஒருவர் கூட்டத்தின் மனப்போக்கைக் கவனித்து, அதை எழுதி வாசித்துக் காட்டுவார். எல்லாரும் ஆம் என்றால்தான் அது முடிவு. எங்கள் குடியிருப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிப்பதற்கு இதுதான் உதவியது. பெரும்பான்மை ஓட்டில் நிறைவேற்றி என்ன பயன்? தோற்றவர் வீட்டு வாளியில் எல்லாம் கலந்தே வரும். ஒவ்வொரு வீடும் தினமும் செய்தாக வேண்டிய காரியத்துக்கு ஒருமித்த முடிவு தேடுங்கள், இரண்டு மூன்று கூட்டம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் பண விஷயத்தில் இதை நம்பாதீர்கள். நம்மிடையே வயதில் பெரியவர் ஒன்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதியதால் வந்த வினையைத்தான் முதலிலேயே சொன்னேனே.

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட செயற்குழுவுக்கு இவை எதுவும் முழுசாக வேண்டாம். ராபர்ட்டே சிறு குழுவுக்குத் தளர்த்திவிடுகிறார்: எழுந்து நிற்க வேண்டாம், வழிமொழிய ஆள் தேட வேண்டாம், தலைவரும் விவாதத்தில் கலந்துகொள்ளலாம்.

ஓட்டு எப்படி எடுப்பது? நன்றித் தீர்மானத்துக்குக் குரல் போதும். பணம் வசூலிக்கும் எதற்கும் கையை எண்ணி, ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று எண்களையும் எழுதுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சீட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்க யாருக்கும் மனம் வராது. இந்தப் பேச்சு வந்தாலே உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்பட ஒருவர் இருப்பார். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு பெருமைக்குரியதுதான். ஆனால் தகுதி உடையவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். அது குலுக்கல், ஓட்டு அல்ல. பொருளாளர் பதவிக்கு யாருமே முன்வராத சங்கங்கள் அதை யோசிக்கலாம்.

எந்த முறையை எடுத்தாலும் சட்டம் முதலில், பைலா அடுத்து, புத்தகம் கடைசியில். கட்டடத்தை இடித்துக் கட்டுவது போன்ற முடிவை எந்த முறையில் கூட்டம் நடத்தியும் கூடியவர்களின் பெரும்பான்மையில் எடுக்க முடியாது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் கேட்கிறது. கூட்டத்துக்கு வந்தவர்களில் அல்ல, மொத்த உரிமையாளர்களில்.

என் தீர்ப்பு இது: பொதுக்குழுவுக்கு நம் பழகிய முறை போதும். அதில் ராபர்ட்டிடமிருந்து மூன்றை மட்டும் கடன் வாங்குங்கள்: தீர்மானம் வந்த பிறகே பேச்சு, ஒருவருக்கு இரண்டு முறை மட்டும், திருத்தத்தை மேலிருந்து கீழே தீர்ப்பது. பத்து நிமிடத்தை நாங்கள் மூன்றாகக் குறைத்துவிட்டோம். அதற்கே முணுமுணுப்பு இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டும்போது 'லிஃப்ட் சம்பந்தமாக' என்று எழுதாதீர்கள். தீர்மானத்தை முழு வாக்கியமாக, தொகையோடும் தேதியோடும் எழுதி ஒட்டுங்கள். டீயை ஓட்டெடுப்பு முடிந்த பிறகு கொடுங்கள்.