பசி யார் சொல்லி வருது?



போன மாசம் காலை வழிபாட்டில் என் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஒரு வாரமா காலையில் எதுவும் சாப்பிடலையாம். நாங்க அவளை "குண்டு"ன்னு கூப்பிட்டதுதான் காரணம். கூப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் உடம்பு வரவு செலவு நோட்டு மாதிரி. இட்லி, சோறு, மீன் குழம்பு, எண்ணெய் எல்லாம் வரவு. மூச்சு, இதயத் துடிப்பு, உடல் சூடு, ஓட்டம் எல்லாம் செலவு. சும்மா படுத்திருந்தாலும் செலவு நடக்கும். மிச்சமாகும் வரவு கொழுப்பாகச் சேரும்.

இந்த நோட்டைப் பார்ப்பது யார்? மூளையின் அடிப்பக்கம் உள்ள ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி. வயிறு காலியானால் அங்கிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் வந்து "பசிக்குது" என்று சொல்லும். இதை 1999இல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், "சேமிப்பு இருக்கு, போதும்" என்று சொல்லும். இதை 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரைட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

லெப்டின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1997இல் இங்கிலாந்தில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். எடை 86 கிலோ! எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. அவள் உடம்பில் லெப்டின் சரியாகச் சுரக்கவில்லை. பிறகு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி, ஒரே வருஷத்தில் 16 கிலோ குறைந்தது. அவள் மேல் என்ன தப்பு? இந்தக் குறை மிகமிக அபூர்வம்தான். மற்றவர்களுக்குப் பரம்பரை, சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் சேர்ந்துதான் எடை அமையுது. பார்த்த உடனே யாரையும் "தின்னிப்பண்டாரம்"னு சொல்லக் கூடாது.

சரி, பட்டினி கிடந்தா இளைக்கலாமே என்பீர்கள். பட்டினி கிடந்தால் லெப்டின் குறையும், கிரெலின் கூடும். பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு செலவையும் சுருக்கிக்கும். பசி மட்டும் இன்னும் அதிகமாகும். வளர்கிற வயசில் எலும்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய சத்தும் கிடைக்காது.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. இது தெரிந்துதான் நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1930இல், பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் கொண்டுவந்தார். பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாதுன்னு பெரியவங்க இவ்வளவு செய்திருக்க, எங்க ஒரு வார்த்தை ஒருத்தியைப் பட்டினி போட்டுடுச்சே!

அதனால் தோழிகளே,
1. காலைச் சாப்பாட்டை விடாதீர்கள்.
2. தினமும் ஓடியாடி விளையாடுங்கள்.
3. நேரத்தோடு தூங்குங்கள்.
4. எடை பற்றிக் கவலை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.
5. "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்று யாரையும் கூப்பிடாதீர்கள்.

என் தோழியிடம் மன்னிப்பு கேட்டுட்டேன். இப்போ ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிடுறோம்.

சிந்திக்க: இன்று காலை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? உங்க பக்கத்தில் இருப்பவள் சாப்பிட்டாளா?

– 9ஆம் வகுப்பு மாணவி