கரப்பானும் காய்ந்த காற்றும்

தமிழில் கரப்பான் என்றும் மலையாளத்தில் கரப்பன் என்றும் நாம் சொல்வதைத்தான் மருத்துவர்கள் எக்சிமா என்கிறார்கள். எங்கள் வேலந்தாவளத்தில் மார்கழி, தை மாதங்களில் குழந்தைகளின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் இது சிவந்து அரிப்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. நல்ல தோல் அதைத் தாங்கும். கரப்பான் தோலோ சாந்து உதிர்ந்த சுவர். தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறை இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணம் என்று 2006-இல் கண்டறியப்பட்டது.

ஆனால் நம் வீடுகளில் பழி முதலில் விழுவது சாப்பாட்டின் மேல். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன. சில குழந்தைகளுக்குப் பால், முட்டை, நிலக்கடலை ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான். தின்ற சிறிது நேரத்தில் தடிப்பு எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் உணவைக் குறைத்தால் கரப்பான் போகாது, பிள்ளைதான் இளைக்கும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல இது. வகுப்பில் தனியே உட்கார வைப்பது அநியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஈரத்தைக் காப்பது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல் முடியட்டும். நார் வேண்டாம், சோப்பு அக்குள், தொடையிடுக்கு அளவில் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது; அதில் பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய், மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தந்தது. கஞ்சத்தனம் உதவாது: உடலெங்கும் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரம் 250 கிராம் பூச்சுகூடத் தேவைப்படலாம். புண்ணான இடத்தில் உப்புநீர், எலுமிச்சை, வேப்பிலை விழுது போடுவது எரிச்சலைத்தான் கூட்டும்.

(வரப்பில் பார்த்தீனியம் பிடுங்குவோருக்கு முகத்திலும் கழுத்திலும் வருவது வேறு வகை. அவர்களுக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும்தான் முதல் மருந்து.)

சிவப்பு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். அதற்காக அஞ்ச வேண்டாம். கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம். இத்தகைய 14 மருந்துகளின் களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. படர்தாமரையைக் கரப்பான் என்று எண்ணி அதைத் தடவினால் அது அடங்குவதுபோலக் காட்டிப் பரவும். அளவுக்கும் கணக்குண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

மஞ்சள் பொருக்கோ சீழோ கண்டால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுந்தால் மறுநாள் வரை காத்திராமல், அன்றைக்கே.