கடன் வாங்கிப் பங்கு வாங்காதே

மதுரை,
5 ஏப்ரல் 2020

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. அக்காவிடம் காலையில் போனில் பேசினேன். கொரோனா ஊரடங்கில் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை என்றாள், நிம்மதியாக இருந்தது.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். 2018 ஜனவரியில் 340 ரூபாய்க்கு வாங்கிய 200 வேதாந்தா சுரங்கக் கம்பெனிப் பங்குகள் இன்று அறுபது ரூபாய்ச் சொச்சத்தில் நிற்கின்றன. மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் 800 பங்கு வாங்கினால் ஆவரேஜ் ஆகிவிடும், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நாளை மகாவீர் ஜெயந்தி, சந்தை விடுமுறை. செவ்வாய்க்கிழமை சந்தை திறப்பதற்குள் இதைப் படித்துவிடு. தபாலை நம்ப முடியாத நேரம் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்காதே. கையில் இருக்கும் 200 பங்கை விற்பதா, வைத்திருப்பதா என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் கடன் பணத்தில் ஒரு பங்குகூட வாங்காதே. வங்கியில் கடன் பிரிவிலேயே உத்தியோகம் பார்த்தவன் நான். எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் கடன் கொடுத்தவனின் கண்ணோடுதான் பார்க்கத் தோன்றும். அந்தக் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

ஆவரேஜ் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார். நீ ஏற்கெனவே போட்டது 68,000 ரூபாய். 62 ரூபாய் விலையில் 800 பங்குக்கு 49,600 ரூபாய். மொத்தம் 1,17,600 ரூபாய்க்கு 1,000 பங்கு, சராசரி 117 ரூபாய் 60 காசு. 340 என்ற எண் 117 ஆகக் குறைந்ததும் மனசு லேசாகும். ஆனால் போட்ட முதல் கைக்கு வர, பங்கு இங்கிருந்து ஏறக்குறைய 90 சதவீதம் ஏற வேண்டும். இப்போது விலை ஒரு ரூபாய் இறங்கினால் உனக்கு 200 ரூபாய் நஷ்டம். வாங்கிய பிறகு அதே ஒரு ரூபாய்க்கு 1,000 ரூபாய் நஷ்டம், அதோடு நகைக்கு மாதாமாதம் வட்டி. நீ 340க்கு வாங்கினாய் என்பது கம்பெனிக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. அந்த எண்ணை மறந்துவிட்டு, இன்று புதிதாக 49,600 ரூபாய் கையில் இருந்தால் இந்த ஒரே பங்கில் போடுவேனா என்று உன்னையே கேள்.

உன் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாக நீ அனுப்பியவற்றையும் பார்த்தேன். ‘புரமோட்டர் கைவிட மாட்டார்’, ‘டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனி விழாது’, ‘தீபாவளிக்குள் 200’. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் உன்னை ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாருமே இந்தப் பங்கை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பவர்கள். ஏறும் என்று ஒருவர் எழுதினால் மற்றவர்களுக்கு ஆறுதல். இறங்கும் என்று ஒருவர் எழுதினால் அவர் பகையாளி. ஆறுதல் தேவைதான், அதற்காக அங்கே பேசு. பணத்தைப் பற்றிய முடிவை மட்டும் அங்கே எடுக்காதே.

சுரங்கக் கம்பெனி சோப்பு விற்கும் கம்பெனியைப் போல அல்ல. சோப்புக் கம்பெனி விலையைத் தானே வைக்கும். துத்தநாகத்தின் விலையை லண்டன் உலோகச் சந்தை வைக்கிறது. தோண்டுகிறவன் கையில் இருப்பது தோண்டுகிற செலவு மட்டும்தான். வேதாந்தாவின் கையில் சுமார் 65 சதவீதப் பங்குள்ள ஹிந்துஸ்தான் ஜிங்க், ராயல்டி நீங்கலாக, ஒரு டன் துத்தநாகத்தை ஏறக்குறைய 1,000 டாலர் செலவில் எடுக்கிறது. ஜனவரியில் விலை 2,400 டாலர் பக்கம் இருந்தது. மார்ச்சில் 1,900க்குக் கீழே போனது. 1,400 டாலராக இருந்த மிச்சம் 900 ஆகிவிட்டது. அடிதான், ஆனால் மூச்சு நிற்கவில்லை. இதே உலோகத்தை 1,800 டாலர் செலவில் எடுக்கும் ஒரு சுரங்கத்துக்கு 600 டாலர் மிச்சம் 100 ஆகியிருக்கும். உலோக விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்போது சுரங்கப் பங்கு பாதியாவது இதனால்தான்.

வேதாந்தாவுக்குள் எண்ணெயும் இருக்கிறது. கெய்ர்ன் இந்தியா 2017இல் வேதாந்தாவோடு இணைந்தது, ராஜஸ்தானின் பார்மேர் எண்ணெய் வயல் அதன் வழி வந்தது. ஜனவரியில் 65 டாலருக்கு மேல் இருந்த பிரெண்ட் கச்சா எண்ணெய், சவுதியும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டதாலும் உலகமே வீட்டுக்குள் அடைந்ததாலும் மார்ச் கடைசியில் 23 டாலர் பக்கம் வந்துவிட்டது. ஆகவே பங்கு விழுந்ததற்குக் காரணம் ஜனவரியில் 42,000ஐத் தாண்டிய சென்செக்ஸ் இன்று 27,600இல் நிற்பது மட்டுமல்ல. சந்தை திரும்பினால் இதுவும் தானாகத் திரும்பிவிடும் என்று எண்ணாதே.

இன்னொன்றும் உண்டு. மண்ணைத் தோண்ட அரசின் அனுமதி வேண்டும், அந்த மண்ணில் வாழும் மக்களின் சம்மதமும் வேண்டும். நீ பங்கு வாங்கிய அடுத்த மாதமே, வேதாந்தாவுடையவை உட்பட கோவாவின் 88 இரும்புத்தாதுக் குத்தகைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஆண்டு மே மாதம் தூத்துக்குடியில் வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள், ஆலையை அரசு மூடியது. அந்த 13 உயிர்களை ‘ரிஸ்க்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை. பங்கு வைத்திருக்கிறவனும் அந்தத் தொழிலில் ஒரு கூட்டாளிதான். நீ அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி கடன். நல்ல தாது இருக்கும் கம்பெனிகூட எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஓஇசட் மினரல்ஸைப் பார். 2008 ஜூலையில் ஆக்ஸியானாவும் ஜினிஃபெக்ஸும் இணைந்து பிறந்த பெரிய கம்பெனி அது. நல்ல சுரங்கங்கள். அடுத்த சில மாதங்களில் உலோக விலைகள் சரிந்தன, அதே நேரத்தில் வங்கிக் கடனைப் புதுப்பிக்கும் தேதியும் வந்தது. உலகமே கடன் கொடுக்க அஞ்சிய நேரம். நவம்பர் கடைசியில் 55 சென்ட் விலையில் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. கடைசியில் 2009 ஜூனில், பிராமினன்ட் ஹில் சுரங்கத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றில் பெரும்பாலானவற்றைச் சீனாவின் மின்மெட்டல்ஸுக்கு விற்றுத்தான் கடனை அடைத்தது. பூமிக்குள் இருந்த தாது எங்கும் போய்விடவில்லை. காத்திருக்க முடியாமல் போனதால் கைமாறியது. விலை திரும்பும் என்பது சரியாகவே இருக்கலாம். அதுவரை கம்பெனி தாங்குமா என்பதுதான் கேள்வி.

வேதாந்தாவின் ஆண்டறிக்கையை எடுத்தால் இதைத்தான் முதலில் தேடு: எவ்வளவு கடன், எந்தெந்த ஆண்டில் திருப்ப வேண்டும், கையில் எவ்வளவு ரொக்கம். தனி நிறுவனக் கணக்கோடு நிறுத்தாமல் ஒருங்கிணைந்த கணக்கைப் பார். மேலே இருக்கும் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸையும் பார். அது 2018 அக்டோபரில் லண்டன் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது, அதற்கும் பெரிய கடன் உண்டு, கீழிருந்து போகும் டிவிடெண்டை அது நம்பியிருக்கிறது. டிவிடெண்ட் வருவதை மட்டும் பலம் என்று எண்ணாமல், அது யாருக்காக, எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்றும் கேள்.

கம்பெனிக்குச் சொன்ன இதே நியாயம் உன் குடும்பத்துக்கும் பொருந்தும். 2008 அக்டோபரில் பங்குகளை ஈடு வைத்துக் கடன் வாங்கிய ஒருவர் எங்கள் கிளையில் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விலை இறங்கியதால் ஈடு போதவில்லை, மீதியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போயிருந்தது. கட்டப் பணமில்லாமல் அடிமட்ட விலையில் எல்லாவற்றையும் விற்கக் கையெழுத்துப் போட்டார். 2008 ஜனவரியில் 21,000 தொட்ட சென்செக்ஸ் 2010 நவம்பரில் மறுபடி அங்கே வந்தது. கடனில்லாதவர்கள் அதுவரை காத்திருந்தார்கள். அவரால் முடியவில்லை.

ரிசர்வ் வங்கி மூன்று மாதம் ஈஎம்ஐ தள்ளிவைக்கச் சலுகை கொடுத்திருக்கிறதே, அந்தப் பணத்தையும் போடலாம் என்று எழுதியிருக்கிறாய். தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் தம்பி. அது வேலை போனவனுக்கும் கடை அடைத்தவனுக்கும் கொடுத்த அவகாசம். உனக்குச் சம்பளம் வருகிறவரை தவணையைக் கட்டு. அடுத்த மாதம் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று நீயே சொன்னாய். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் அங்கே போகட்டும்.

செவ்வாய்க்கிழமையே இந்தப் பங்கு எகிறலாம். வருஷம் திரும்புவதற்குள் 300 தொட்டாலும் தொடலாம். அப்போது மாமா பேச்சைக் கேட்டு விட்டுவிட்டோமே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், என்மேல் கோபித்துக்கொள். அன்றைக்கும் நான் இதையேதான் சொல்வேன்: வீட்டு நகையை ஒரே சுரங்கத்தின்மேல் வைத்தது, விலை ஏறியதால் சரியாகிவிடாது. உன் 200 பங்கு அப்போதும் உன்னிடம் இருக்கும், அதன் ஏற்றம் உனக்குத்தான். மேலே சொன்ன கணக்குகளைப் பார்த்துத் திருப்தி வந்தால், சம்பளத்தில் மிச்சமாகும் பணத்தில் மாதம் கொஞ்சமாக வாங்கு. வராவிட்டால், எந்த விலையில் வாங்கினாய் என்று பாராமல் விற்றுவிடு.

இதை உன் மனைவியும் படிக்கட்டும். நகை அவளுடையது, முடிவில் அவளுக்கும் பங்கு உண்டு. இருவரும் பேசி முடிவு செய்து, திங்கள் இரவுக்குள் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா