கிடங்கின் விட்டத்தை அறுக்காதீர்!



வில்லியனூர், பாகூர் பக்கங்களில் சீமை ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள் இன்னும் உண்டு. உள்ளே இருக்கும் சரக்கைத் தினமும் கணக்குப் பார்க்கும் நாம், தலைக்கு மேல் இருக்கும் பாரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு சீமை ஓடு சுமார் இரண்டரை கிலோ. 20 அடிக்கு 30 அடி கிடங்கு என்றால் ஏறக்குறைய 1,000 ஓடுகள் பிடிக்கும். மொத்தம் 2,500 கிலோ. அதாவது 50 கிலோ அரிசி மூட்டை 50 தலைக்கு மேல் இருக்கிறது! மழையில் நனைந்தால் இன்னும் கூடும்.

இதைத் தாங்குவது 'டிரஸ்' என்னும் முக்கோண மரச்சட்டம். சரிவாக இரண்டு கைமரங்கள், அவற்றின் அடிகளை இணைக்கும் விட்டம், நடுவில் குத்துக்கால், அதன் அடியிலிருந்து கைமரங்களுக்கு முட்டுக்கட்டைகள். ஓட்டின் பாரம் ஏறியதும் கைமரங்கள் கால் பரப்பி வெளியே தள்ளப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பதே விட்டத்தின் வேலை. இரட்டை ஏணி விரியாமல் இருக்க அதன் கால்களுக்கு இடையே கயிறு கட்டுகிறோம் அல்லவா, அதே கதைதான். குத்துக்காலும் பெயருக்குத்தான் கால். உண்மையில் அது உச்சியிலிருந்து தொங்கி, விட்டம் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கிறது.

இது தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். மூட்டையை இன்னும் இரண்டு வரிசை உயர்த்துவதற்காக ஒரு விட்டத்தை அறுக்கச் சொன்னேன். அடுத்த மழைக்காலத்தில் பக்கச் சுவர் இரண்டு அங்குலம் வெளியே தள்ளி வெடித்துவிட்டது. பார்க்க வந்த வயதான ஆசாரி, "இடத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டையே அவிழ்த்துவிட்டீர்களே, முதலாளி!" என்றார். சுவரைப் பிரித்துக் கட்டிய செலவில் ஒரு வருட லாபம் போயிற்று.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. விட்டத்தை அறுக்கவோ, குடையவோ கூடாது.

2. விட்டத்தில் தராசு, கப்பி, மூட்டை எதையும் தொங்கவிடக் கூடாது. தராசுக்குத் தனியாகக் கால் நட்டுக்கொள்ளுங்கள்.

3. சுவரில் உட்காரும் விட்ட முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். ஐப்பசி மழைக்கு முன் அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் உடனே ஆசாரியை அழையுங்கள்.

4. புயற்காற்று கூரையை மேலே தூக்கும். 30-12-2011 அன்று தானே புயல் நம் பகுதியில் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டோம். டிரஸ் முனைகளை இரும்புப் பட்டையாலும் போல்ட்டாலும் சுவரோடு பிணைத்து வையுங்கள்.

சரக்கு நனைந்தால் மறுபடியும் கொள்முதல் செய்யலாம். கூரையின் கீழே மூட்டை தூக்கும் ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டால், எந்தக் கணக்கில் எழுதுவோம்?