தீன் சாக்குக்குள் வரும் விருந்தாளி: எத்தாளையின் இளம் இறால் பண்ணையாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

எத்தாளையில் களப்போரமாகக் குளம் எடுத்து, முதல் தடவையாகக் குஞ்சு விடத் தயாராகும் உங்களுக்குப் பலரும் பல புத்தி சொல்லியிருப்பார்கள். தண்ணீரின் உப்பு, குஞ்சின் தரம், கரண்ட் பில், வெண்புள்ளி நோய் என்று பேச்சு நீண்டிருக்கும். 1996இல் அந்த நோய் புத்தளம் மாவட்டத்துப் பண்ணைகளைச் சுருட்டிப்போட்ட கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தீன் என்று வந்தால் மட்டும் விலையும் புரதச் சதவீதமுமே பேசப்படும். அந்தத் தீன் மாதக்கணக்கில் கெடாமலிருக்க என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் விட்டதற்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இந்தியாவின் இறால் ஏற்றுமதியிலேயே சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் எதொக்சிகுயின்.

2012 ஓகஸ்ட் மாதம் ஜப்பானின் சுகாதார அமைச்சு, இந்தியாவிலிருந்து வரும் இறால் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்காகச் சோதிக்கும்படி உத்தரவிட்டது. வியட்நாம் இறாலுக்கும் அதே ஆண்டில் அதே கதிதான். ஒரு கிலோ இறாலில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை உள்ளே விடமாட்டார்கள். குளத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் யாரும் எதொக்சிகுயினைக் கடையில் வாங்கி ஊற்றவில்லை. அது மீன்தூளோடு தீனுக்குள் வந்தது, தீனோடு குளத்துக்குள் இறங்கியது, குளத்திலிருந்து இறாலின் சதைக்குள் ஏறியது. குற்றம் செய்யாதவர்களின் சரக்குத்தான் துறைமுகத்தில் காத்துக் கிடந்தது.

அந்த 0.01 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் ஒரு விதி உண்டு. ஓர் உணவுக்கும் ஓர் இரசாயனத்துக்கும் தனியாக அளவு நிர்ணயிக்கப்படவில்லை என்றால், தானாகவே 0.01தான் எல்லை. மீனுக்கு எதொக்சிகுயின் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அங்கே முன்பே எழுதி வைத்திருந்தார்கள். இறாலுக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆகவே, மீனில் நூறு மடங்கு இருந்தாலும் சந்தைக்குப் போகும், இறாலில் துளி இருந்தாலும் திரும்பிவிடும் என்ற நிலை. 2014 ஜனவரியில் ஜப்பான் இறாலுக்கான எல்லையை 0.2 ஆக உயர்த்தியது. ஒரே பொருள், ஒரே நாடு, ஒன்றரை ஆண்டுக்குள் இருபது மடங்கு மாற்றம். சந்தையின் எல்லைக்கோடும் நஞ்சின் எல்லைக்கோடும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆனால் பண்ணையாளரின் வருமானத்தைத் தீர்மானிப்பது முதலாவது கோடு. ஜப்பான் நம் இறாலுக்கும் பழைய சந்தை என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பொருள் ஏன் தீனுக்குள் வந்தது? மீன்தூளில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காறத் தொடங்கும்போது சூடு பிறக்கும். கப்பலின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான தொன் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீயாகவே மாறும். அதனால்தான் சர்வதேச கடல்சார் அமைப்பின் ஆபத்தான சரக்கு விதிகள், மீன்தூளைக் காறாமல் காக்கும் ஏதாவதொன்றைச் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்கின்றன. றப்பர் வெடிக்காமல் காக்கப் பயன்பட்டு வந்த எதொக்சிகுயினை 1950களில் அமெரிக்காவின் மொன்சாண்டோ நிறுவனம் தீனுக்குக் கொண்டுவந்தது. விலை மலிவு, வேலை சுத்தம். உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இதில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது, தம்பி. கப்பல் விதிகளின்படி, மீன்தூள் தயாரிக்கும்போதே கிலோவுக்கு 400 முதல் 1000 மில்லிகிராம் வரை எதொக்சிகுயின் சேர்ப்பது நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. ஒரு கிலோ மீன்தூளில் 400 மில்லிகிராம் எஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். தீனில் ஐந்தில் ஒரு பங்கு மீன்தூள் என்றால், ஒரு கிலோ தீனில் 80 மில்லிகிராம் வந்து சேரும். தீன் ஆலை தன் கையால் ஒரு துளிகூடச் சேர்த்திருக்காது. ‘நாங்கள் எதொக்சிகுயின் போடுவதில்லை’ என்று ஆலை சொல்வது சத்தியமாகவே இருக்கலாம். சாக்குக்குள் அது இருப்பதும் உண்மையாக இருக்கலாம். எனவே ஆலையிடம் கேட்க வேண்டியது, ‘நீங்கள் வாங்கும் மீன்தூள் எதனால் காறாமல் காக்கப்பட்டது?’ என்பதுதான்.

இது சாப்பிடுபவருக்குக் கெடுதலா என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பயமுறுத்தவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, ஒருவர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் பாதிப்பில்லாத அளவாக, உடல் எடையில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் என்று வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம். ஜப்பானின் இன்றைய எல்லையான 0.2ஐத் தொட்டு நிற்கும் இறாலில் ஒன்றரைக் கிலோவைத் தினமும் சாப்பிட்டால்தான் அந்த அளவை எட்ட முடியும். அமெரிக்காவில் தீனில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அது மட்டுமல்ல, மிளகாய்த்தூளின் சிவப்பு மங்காமலிருக்க, மனிதர் சாப்பிடும் தூளிலேயே கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சேர்க்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. மிளகாய் விளையும் கற்பிட்டிக் கரையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். நாய்களில் செய்த ஆய்வில் ஈரலில் நிறமி படிவதும் ஈரல் நொதிகள் ஏறுவதும் தெரியவந்ததால், 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாய் உணவில் அளவைப் பாதியாக, 75ஆகக் குறைக்கும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பா இன்னும் கடுமையாகப் பார்த்தது. எதொக்சிகுயினைத் தயாரிக்கும்போது பீ-பெனெற்றிடின் என்ற ஒரு பொருள் கலப்பாக எஞ்சுகிறது. அது மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிடைத்த தரவுகளை வைத்து இது பாதுகாப்பானது என்று சொல்ல முடியவில்லை என்று அறிவித்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியை நிறுத்திவைத்தது. கலப்பைக் குறைத்துக் காட்டியும் ஐயம் தீராததால் 2022 ஓகஸ்டில் அனுமதியை முற்றாக மறுத்தது.

‘நஞ்சு என்று நிரூபிக்கப்பட்டது’ என்பது வேறு, ‘நஞ்சில்லை என்று நிரூபிக்கப்படவில்லை’ என்பது வேறு. ஐரோப்பா சொன்னது இரண்டாவதை. பிள்ளைகள் சாப்பிடும் உணவில் அந்த இரண்டாவது காரணமே போதும் என்று அவர்கள் முடிவெடுத்ததில் நியாயம் இருக்கிறது.

நோர்வேயின் வளர்ப்புச் சல்மன் மீன்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சதைக்குள் போன எதொக்சிகுயின் அப்படியே இருப்பதில்லை. இரண்டு மூலக்கூறுகள் இணைந்து வேறொரு வடிவம் எடுக்கின்றன. தாய்ப் பொருளைவிட அந்த இணை வடிவம்தான் சதையில் கூடுதலாகத் தங்குகிறது, மெதுவாக வெளியேறுகிறது. தாய்ப் பொருளை மட்டும் தேடும் சோதனையில் ‘இல்லை’ என்று வரும் சான்றிதழ் முழுக்கதையையும் சொல்வதாகாது.

அப்படியானால் காப்புப் பொருள் எதுவுமே இல்லாத தீன்தான் நல்லது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். காறிய தீனில் விற்றமின்கள் அழிந்திருக்கும், இறாலின் ஈரல் கெடும், வளர்ச்சி நின்றுவிடும். எதொக்சிகுயினுக்கு மாற்றாக பிஎச்ரி, பிஎச்ஏ, விற்றமின் ஈ குடும்பத்துத் தொக்கோபெரோல், ரோஸ்மேரிச் சாறு எல்லாம் உண்டு. பிஎச்ஏ மீதும் புற்றுநோய் ஐயம் இருக்கிறது. தொக்கோபெரோல் இயற்கையானது, ஆனால் விலை கூட, ஆயுள் குறைவு. அதைச் சேர்த்த தீனை வாங்கினால் உங்கள் களஞ்சியமும் அதற்கேற்றபடி மாற வேண்டும்.

எத்தாளையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. சோளகம் வீசும் மாதங்களில் தகரத்தின் மேலேயே உப்பு பூக்கும். அங்கே சாக்கைச் சீமெந்துத் தரையில் கிடத்தினால் அடிச்சாக்கு ஈரம் குடிக்கும். பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெயில் படாமல் அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். சாக்கைப் பிரித்ததும் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வெளியில் இருப்பதைவிட உள்ளே சூடாக இருந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல தீனில் உலர்ந்த நெத்தலியின் வாசம் வரும். திறந்து கிடந்த பழைய தேங்காய் எண்ணெயைப் போல் மூக்கைக் குத்தினால் அந்தச் சாக்கைக் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். குச்சித்தீன் உதிர்ந்து மாவாகியிருந்தால், அது இறாலின் வயிற்றுக்குப் போகாது, குளத்தின் சேற்றுக்குத்தான் போகும்.

சொந்தமாகத் தீன் கலக்கும் யோசனை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. எதொக்சிகுயின் மஞ்சள் நிறத் திரவமாக இருக்கும், காற்றுப் பட்டால் கறுத்துப்போகும். தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். வெறுங்கையால் தொடவே வேண்டாம். அளக்கும் தராசும் ஆய்வுக்கூட வசதியும் இல்லாத ஒருவர் அதைத் தொடாமலே இருப்பதுதான் சரி.

விலங்குத் தீனை ஒழுங்குபடுத்த இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இறால் வளர்ப்பை மேற்பார்வை செய்ய நக்டா எனப்படும் தேசிய நீரியல் வள அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. அதிகாரிகள் வந்து சாக்கைத் திறந்து பார்க்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. தீன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: மீன்தூள் எந்த நாட்டிலிருந்து வந்தது, எதனால் காக்கப்பட்டது, முடிந்த தீனில் எதொக்சிகுயின் எவ்வளவு என்று சோதித்தார்களா. முதலில் வாயால் சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் பதில் காகிதத்தில் வரும்.

கடைசிக் கட்டத் தீனில்தான் அதிகக் கவனம் வேண்டும். தீனை மாற்றியதும் இறாலின் உடலிலுள்ள தாய்ப் பொருள் குறையத் தொடங்கும். ஆகவே அறுவடைக்கு முந்திய வாரங்களில் போடும் தீன், எதொக்சிகுயின் இல்லாத மீன்தூளில் செய்ததாக இருக்கட்டும். குஞ்சு விடும்போதே அதற்கும் சேர்த்து விலை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நெருங்கியபின் தேடினால் கிடைத்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு தொகுதி தீனிலிருந்தும் ஒரு கைப்பிடியை இறுக்கமாக மூடும் போத்தலில் போட்டு, தொகுதி எண்ணும் திகதியும் எழுதி, குளிரூட்டியில் வையுங்கள். சாக்கில் தைத்திருக்கும் சீட்டையும் வெட்டி அதோடு சேர்த்து வையுங்கள். இறாலை வாங்கியவர் சோதனை முடித்து, உங்கள் காசு கைக்கு வரும்வரை அந்தப் போத்தல்களை எறியாதீர்கள். சரக்குத் திரும்பினால், பிழை குளத்திலா தீனிலா என்பதற்கு உங்களிடமுள்ள ஒரே ஆதாரம் அவைதான்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் மூத்தவர் ஒருவர்