முப்பது நாள் கணக்கும் பதினைந்து ஆண்டுக் கணக்கும்

முன்னுரை

மாரடைப்பு என்ற சொல்லை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் பெருந்தமனி வீக்கம் என்ற நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான் ஒரு நோயைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். காரணங்கள் இரண்டு. ஒன்று, என் தாய்மாமன் இந்நோய்க்கு ஆளானவர். மற்றொன்று, அவருக்கு நான் எடுத்துச் சொன்ன கணக்கு பாதிக் கணக்காக இருந்துவிட்டது. அந்தப் பாதியை முழுமையாக்கும் முயற்சியே இக்கட்டுரை.

நோயின் தன்மை

இதயத்திலிருந்து புறப்படும் குருதியை உடலெங்கும் கொண்டு செல்லும் தலைமைக் குழாயே பெருந்தமனி. அது மார்பின் வழியே இறங்கி, வயிற்றின் பின்புறம் முதுகெலும்பை ஒட்டி வந்து, ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு சுமார் 2 செ.மீ. முதுமை, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், பரம்பரை ஆகியவற்றால் அதன் சுவர் நலிவடையும்போது, பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைப்பதுபோல அது புடைக்கத் தொடங்குகிறது. குறுக்களவு 3 செ.மீ. அளவை எட்டினால் அதனை வீக்கம் என்பர். பெண்களைவிட ஆண்களுக்கே இது மிகுதி.

இயற்பியல் பயிலும் நண்பர்கள் லாப்லாஸ் விதியை அறிவர். குழாயின் ஆரம் பெருகப் பெருக, அதே அழுத்தத்திலும் சுவரின் இழுவிசை பெருகும். எனவே வீங்கிய குழாய் மேலும் வீங்கவே முனையும். வலி இராது, காய்ச்சல் இராது. ஒரு நாள் திடீரென வெடிக்கும். வெடித்தபின் பத்தில் எட்டுப் பேர் அளவில் இறந்துவிடுகின்றனர். அவர்களில் பலர் மருத்துவமனை வாயிலைக்கூடக் காண்பதில்லை.

அப்படியானால் எல்லா வீக்கங்களையும் உடனே அறுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அறுவையிலும் ஆபத்து உண்டு. சிறிய வீக்கங்களைப் பற்றிப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகள், 5.5 செ.மீ.க்குக் குறைவான வீக்கத்தை உடனே அறுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. ஆகவே அந்த அளவு வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும், அதைத் தாண்டினால் சிகிச்சை செய்வதும் ஆண்களைப் பொறுத்தவரை பொது வழக்கமாயிற்று.

இருவகைச் சிகிச்சை

அறிவியல் மேதை ஐன்ஸ்டீனுக்கும் இந்நோய் இருந்தது. 1948இல் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் அவ்வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். அன்று அதற்குமேல் செய்ய வழியில்லை. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது மீண்டும் அறுவைக்கு உடன்பட ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார்; 18ஆம் நாள் காலமானார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 1951இல், பாரிஸ் நகரில் சார்லஸ் துபோ என்பவர் வீங்கிய பகுதியை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் வேறொரு மனிதரின் தமனித் துண்டை வைத்துத் தைத்துக் காட்டினார். பின்னர் டெக்ரான் என்னும் செயற்கை இழையால் நெய்த குழாய்கள் வந்தன. வயிற்றைத் திறந்து, குருதி ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி, இக்குழாயைத் தைப்பதே திறந்த அறுவை.

இரண்டாவது முறை பிற்காலத்தது. 1987இல் கார்கிவ் நகரில் நிக்கலாய் வோலோடஸ் மார்புப் பெருந்தமனியிலும், 1990இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியிலும் ஒரு புதுவழியைக் கையாண்டனர். தொடை இடுக்கிலுள்ள தமனி வழியே, சுருக்கி வைத்த துணிக்குழாயை உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே படத்தின் துணையால் வீக்கம் உள்ள இடத்தில் விரித்துவிடுவதே அவ்வழி. குழாயோடு இணைந்த உலோக வலை, அதாவது ஸ்டென்ட், விரிந்து தமனிச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. குருதி குழாய்க்குள்ளேயே ஓடுவதால் வீங்கிய பை அழுத்தத்திலிருந்து விடுபடுகிறது. வயிற்றைக் கிழிக்க வேண்டுவதில்லை. சில நாள்களில் வீடு திரும்பலாம். இதனைக் குழாய்வழிச் சிகிச்சை என்று இக்கட்டுரையில் குறிப்பேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும். திறந்த அறுவையில் குழாய் தைக்கப்படுகிறது. குழாய்வழிச் சிகிச்சையில் அது பற்றி நிற்கிறது. முன்னதில் வீங்கிய பை திறக்கப்பட்டு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பின்னதில் பை அங்கேயே இருக்கிறது.

நான் சொன்ன பாதிக் கணக்கு

நான் முதலாண்டு படித்தபோது, சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கச் சென்ற என் மாமாவுக்கு 5.8 செ.மீ. வீக்கம் இருப்பது தெரியவந்தது. அவருக்கு வயது 66. நாற்பது ஆண்டுக் காலம் பீடி பிடித்தவர். இதயத்திலும் பழுது இருந்தது. மருத்துவர் இரு முறைகளையும் விளக்கி, முடிவைக் குடும்பத்தாரிடம் விட்டார்.

“மாப்பிள்ளே, நீ கணக்குப் படிக்கிறவன். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு” என்றார் மாமா.

நான் தேடிப் படித்தேன். பிரிட்டனில் நடந்த ஈவார்-1 என்னும் ஆய்வு கண்ணில் பட்டது. சிகிச்சைக்குப் பின் 30 நாளில் இறந்தோர் திறந்த அறுவையில் 4.3 விழுக்காடு, குழாய்வழியில் 1.8 விழுக்காடு. ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால் 25 உயிர்கள் மிச்சம்! இதைவிடத் தெளிவான கணக்கு வேறென்ன வேண்டும்? “குழாய்தான் மாமா நல்லது. அதோடு கவலை விட்டது” என்றேன். குழாயும் பொருத்தப்பட்டது, நலமாக வீடு திரும்பினார்.

முழுக் கணக்கு

இவ்வாண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் உயிர்வாழ் வளைவுகளைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. தெரிந்த ஆய்வாயிற்றே என்று ஈவார்-1 ஆய்வையே எடுத்துக்கொண்டு, பெருமிதத்தோடு 30 நாள் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முப்பத்தோராம் நாள் அவர்கள் என்ன ஆனார்கள்?” என்னிடம் விடையில்லை. அன்று மாலையே நூலகத்தில் அமர்ந்து மீதியைப் படிக்கத் தொடங்கினேன்.

ஈவார்-1 ஆய்வில் 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இரு சிகிச்சைகளில் எதையும் தாங்கும் உடல்நிலை உடையவர்கள். சமவாய்ப்பு முறையில் பிரிவுக்கு 626 பேராக ஒதுக்கப்பட்டனர். பதினைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த முடிவு 2016இல் வெளியாயிற்று.

முதல் ஆறு மாதம் குழாய்வழிச் சிகிச்சை பெற்றோரின் வளைவு மேலே நிற்கிறது. பின்னர் அந்த இடைவெளி சுருங்கி, சில ஆண்டுகளில் இரு வளைவுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. எட்டாம் ஆண்டுக்குப் பிறகோ நிலைமை தலைகீழாகிறது. அப்போது குழாய்வழிப் பிரிவினரின் இறப்பு வீதம் மற்றப் பிரிவினரைவிட ஏறத்தாழக் கால் பங்கு அதிகம். அக்காலத்தில் பை வெடித்து இறந்தவர்கள் குழாய்வழிப் பிரிவில் 13 பேர். திறந்த அறுவைப் பிரிவில் 2 பேர் மட்டுமே.

இது ஓர் ஆய்வின் முடிவு மட்டுமன்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 351 பேரிடம் நடந்த ட்ரீம் ஆய்விலும் தொடக்கத்தில் குழாயே வென்றது. ஆனால் ஆறு ஆண்டு கழித்து உயிரோடிருந்தோர் திறந்த அறுவையில் 69.9 விழுக்காடு, குழாய்வழியில் 68.9 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். மறுசிகிச்சை தேவைப்படாமல் இருந்தோர் முறையே 81.9, 70.4 விழுக்காட்டினர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 881 பேரிடம் நடந்த ஓவர் ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவும், நெடுங்காலத்தில் இரு பிரிவினரின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றே என்றது.

ஏன் இவ்வாறு?

காரணம் குழாயின் இயல்பிலேயே உள்ளது. பற்றி நிற்கும் குழாய் காலப்போக்கில் நழுவலாம். அது பற்றியுள்ள தமனியின் கழுத்துப் பகுதியே விரியலாம். அப்போது குருதி குழாய்க்கு வெளியே புகுந்து பையை மீண்டும் அழுத்தும். இதற்கு உட்கசிவு என்று பெயர். குழாயின் முனையிலோ இணைப்பிலோ ஏற்படும் கசிவு கொடியது. தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டியது. பையோடு இணைந்த சிறு கிளைத் தமனிகள் வழியே குருதி பின்னோக்கி வந்து சேரும் கசிவே பெரும்பாலும் காணப்படுவது. அது பலருக்குத் தானே அடைபட்டுவிடும். பை வளர்ந்தால் மட்டும் தலையிட வேண்டும். இவை எதற்கும் முன்னறிவிப்பாக வலி வருவதில்லை. ஸ்கேன் ஒன்றே காட்டிக் கொடுக்கும்.

இதனால் குழாய்வழிச் சிகிச்சை தீது என்று முடிவு கட்டுவது இன்னொரு பாதிக் கணக்காகிவிடும். திறந்த அறுவைக்கும் பின்விளைவு உண்டு. வயிற்றுத் தழும்பில் குடலிறக்கம் ஏற்பட்டு மறு அறுவைக்கு வந்தவர்கள் ட்ரீம் ஆய்விலேயே உள்ளனர். வெடித்த வீக்கத்தோடு வந்தவர்களைப் பற்றிய பிரிட்டனின் இம்ப்ரூவ் ஆய்வில், மூன்றாண்டுக் கணக்கில் குழாய்வழியே மேலாக நின்றது. மேலும், ஈவார்-1 ஆய்வில் பயன்பட்டவை பழைய குழாய்கள், இன்றையவை திருந்தியவை. ஆனால் இன்றைய குழாயின் பதினைந்தாண்டுக் கணக்கை அறியப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே “எது நல்லது?” என்ற கேள்வியோடு “யாருக்கு? எத்தனை ஆண்டுக்கு?” என்ற கேள்விகளும் சேர வேண்டும். ஐரோப்பிய நாள அறுவை மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, உடலமைப்பு ஏற்றதாக உள்ள பெரும்பாலோர்க்குக் குழாய்வழியையும், நீண்ட ஆயுள் எதிர்பார்க்கத்தக்கவர்க்குத் திறந்த அறுவையையும் முதலில் கருதச் சொல்கிறது. பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு நெறிமுறையோ திறந்த அறுவையின் பக்கமே மிகுதியும் சாய்கிறது. ஒரே ஆய்வுகளைப் படித்த அறிஞர்களே இருவேறு முடிவுக்கு வருகின்றனர் என்பது நாம் கருதத்தக்கது.

மாமாவும் ஸ்கேனும்

இவற்றைப் படித்து முடித்த இரவு எனக்கு உறக்கமில்லை. மாமா தேர்ந்த வழி அவருடைய இதயப் பழுதை எண்ணினால் தக்க வழியே. ஆனால் “கவலை விட்டது” என்றேனே, அதுதான் பிழை. விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் முதலில் அவரிடம் கேட்டேன். முதலாண்டு ஸ்கேன் எடுத்திருந்தார். அடுத்த ஆண்டு போகவில்லை.

“உடம்புல ஒரு தொந்தரவும் இல்லே. நீயே கவலை விட்டதுன்னு சொன்னியே! எதுக்குப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போகணும்?” என்றார்.

“நான் சொன்னது தப்பு மாமா. பாதியைத்தான் படிச்சிட்டுச் சொன்னேன்” என்றேன். பெரியவர்களிடம் தப்பு என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “சரி, வா, ரெண்டு பேரும் போவோம்” என்றார்.

ஸ்கேனில் கிளைத் தமனி வழியே சிறு கசிவு தெரிந்தது. பையின் அளவு கூடவில்லை. அச்சப்படத் தேவையில்லை என்றும், ஆறு மாதத்தில் கட்டாயம் வர வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். வீட்டுக்கு வந்ததும் மாமா தினசரிக் காலண்டரின் அட்டையில் அடுத்த தேதியைப் பெரிதாக எழுதி வைத்தார். என் கைப்பேசியிலும் அத்தேதி குறிக்கப்பட்டிருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நோயாளிக்கு: குழாய் பொருத்திய அன்று சிகிச்சை முடிவதில்லை, ஆயுள் முழுதும் தொடரும் கண்காணிப்பும் அச்சிகிச்சையின் பகுதியே. நம் போன்ற மாணவர்க்கு: ஒரு விழுக்காட்டைப் படித்தால், அது எந்த நாள் வரை எண்ணியது என்று கேட்காமல் பிறருக்கு எடுத்துச் சொல்லலாகாது. நான் சொன்ன 1.8 என்ற எண் பொய்யன்று. ஆனால் அது முப்பது நாளோடு நின்றுவிட்ட எண்; என் மாமாவோ பல்லாண்டு வாழ வேண்டியவர்.

நண்பர்களே, உங்கள் இல்லங்களில் அறுபத்தைந்து வயது கடந்த, புகைப்பழக்கம் உடைய பெரியவர்கள் இருப்பின், ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். குழாய் பொருத்தப்பெற்றவர்கள் இருப்பின், கடைசியாக ஸ்கேன் எடுத்த தேதியைக் கேளுங்கள்.