கௌரவச் சங்கமும் பல் மருத்துவக் கல்வியும்

அமெரிக்கக் கல்லூரிகளில், படிப்பில் சிறந்த மாணவர்களைத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் கௌரவச் சங்கங்கள் பல உண்டு. 1776-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா அவற்றுள் மிகப் பழமையானது. மருத்துவத் துறைகளில் சேர விரும்புவோருக்கென 1926-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா எப்சிலான் டெல்டா தொடங்கப்பட்டது.

இவற்றில் சேர்ந்தால் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. அங்கே முதலில் பார்ப்பவை கல்லூரி மதிப்பெண்களும் 'டாட்' என்னும் நுழைவுத் தேர்வுமே. அத்தேர்வில் உயிரியல், வேதியியலுடன், வடிவங்களை மனக்கண்ணால் காணும் திறனும் சோதிக்கப்படுகிறது. பல் மருத்துவர் அருகிலிருந்து அவர் பணியைக் கவனித்த அனுபவம், பரிந்துரைக் கடிதம், நேர்முகத் தேர்வு ஆகியனவும் உண்டு. நல்ல மதிப்பெண்ணால்தானே சங்கத்தில் இடம் கிடைத்தது? அம்மதிப்பெண் விண்ணப்பத்திலேயே இருப்பதால், சங்கத்தின் பெயர் மட்டும் புதிதாக எதையும் கூறுவதில்லை.

அப்படியாயின் பயனே இல்லையா? உண்டு. சங்கத்தின் வழியாக இலவசப் பல் மருத்துவ முகாமில் தொண்டு செய்தவருக்கும், இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கும் நேர்முகத் தேர்வில் சொல்லச் செய்தி இருக்கும். சந்தா மட்டும் கட்டியவரிடம் சான்றிதழ் மட்டுமே இருக்கும்.

நாமும் சாரணியர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலியவற்றில் சேர்கிறோம். சீருடையில் குத்தும் சின்னத்திற்காகவா, சேவைக்காகவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.